இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிய வருடம்

எங்கள் துறையில் என்னோடு பல வருடங்கள் வேலை பார்த்த தோழி சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன அடுத்த வாரமே முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் கடலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கணக்குப் படித்தாலும் வணிகவியல் படித்தாலும் முதல் இரண்டு வருடங்களுக்கு எல்லாருக்கும் தமிழ் உண்டு. அவர்கள் அதுவரை என்னிடம் பாதி, அவளிடம் பாதி என்று வந்துகொண்டிருந்தார்கள்.

"புது ஆளு வர்ற வரைக்கும் ரெண்டு செக்‌ஷனையும் சேத்து நீங்களே பாத்துக்கங்கம்மா. ரெண்டு மாசம்தான். போஸ்டிங் போட்டுடுவாங்க" என்றார் முதல்வர்.

"அவ்வளவு பேரையும் எங்க சார் உக்கார வைக்கிறது?"

"பரீட்சை ஹால் சும்மாத்தான கெடக்கு."

அவர் சொன்ன இரண்டு மாதம் ஒரு முழுக் கல்வியாண்டாக நீண்டது.

பரீட்சை ஹால் நீளமான கட்டடம். நடுவில் தூண்கள். பரீட்சை எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதற்கு அந்தத் தூண்கள் நல்ல உதவி. பாடம் நடத்தத்தான் அவை ஒத்துவரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பெஞ்சுக்கு ஆறு பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மின்விசிறியைப் போட்டால் அதன் இரைச்சலில் என் குரல் நாலாவது வரிசையைத் தாண்டாது. நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் நோட்டை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் வகுப்பில் கால்வாசி போய்விடும். முடித்து நிமிர்ந்தால் கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். "பஸ்ஸு லேட்டும்மா." அவர்கள் உள்ளே போக நாலைந்து பெஞ்சு எழுந்து நின்று வழிவிட வேண்டும். அது அடங்கியதும் வடலூர் பஸ் வந்து சேரும்.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு நான் வெறும் குரல் மட்டும்தான். எனக்கு அவர்கள் அதுகூட இல்லை. தேர்வுத்தாள் திருத்தும்போது எண்களைப் பார்ப்பேன். அந்த எண்ணுக்கு எந்த முகம் என்று தெரியாது. கல்லூரி வாசலில் யாராவது வணக்கம் சொன்னால் என் வகுப்பா, வேறு துறையா என்று குழம்பிப்போய், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டேன்.

என் வீடு சிதம்பரத்தில். தெற்கு வீதியிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் மாடிப் போர்ஷன். என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்லூரியில் தமிழ் ஆசிரியைகளை மட்டும் மேடம் என்று கூப்பிடாமல் அம்மா என்று கூப்பிடுவது வழக்கம். பகலெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு மாலையில் கதவைத் திறந்து உள்ளே போனால், மறுநாள் காலை பேருந்து நடத்துநரிடம் "கடலூர் ஒண்ணு" என்று கேட்கும்வரை எனக்குப் பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய வாய் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். அப்போது முதல் சொல் கரகரத்து வரும். வேறு யாரோ பேசியது போல இருக்கும்.

தோழி இருந்தவரை இது இவ்வளவு தெரியவில்லை. அவளும் அப்போது சிதம்பரத்தில்தான் குடியிருந்தாள். போகவர ஒன்றாகவே வருவோம். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் வீட்டுக்கதை முடிந்து கல்லூரிக்கதை ஆரம்பித்திருக்கும். அவள் போன பிறகு பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டேன். "பையை எடுங்கம்மா" என்று யாராவது சொல்வார்கள். எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். முதலில் அவளிடமிருந்து தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அப்புறம் விசேஷ நாட்களில்.

கார்த்திகை மழை விட்டுப் பனி இறங்கிய சமயத்தில் என் தொண்டை கட்டியது. மிளகுப்பால், பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தேன். கேட்கவில்லை. ஒருநாள் ஹாலில் ஒரு வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றுபோனது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. முன்வரிசைக்குப் புரிந்தது. பின்னால் இருந்தவர்கள் எப்போதும் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரத்தில் தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்.

"குரல் நாண் நல்லா வீங்கியிருக்கு. என்ன வேலை பாக்குறீங்க?"

எழுதிக் காட்டினேன்.

"எவ்ளோ பேருக்கு?"

அதையும் எழுதினேன். அவர் அந்தத் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் ஒரு வார்த்த பேசக் கூடாது. மெல்லமா ரகசியம் பேசுற மாதிரி பேசுறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். வீட்ல இருக்கறவங்ககிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க. அவுங்க கேட்டுக் கேட்டு உங்களப் பேச வெச்சிடுவாங்க."

வீட்டில் யாரும் இல்லை என்று எழுதினேன்.

"அப்ப பிரச்சினையே இல்ல" என்றார்.

அவர் நல்ல மனிதர். மருத்துவக் கண்ணோட்டத்தில் சொன்னார். ஆனாலும் வீதியில் நடந்து வரும்போது அந்த மூன்று சொற்கள் கூடவே வந்தன.

விடுப்பு எடுக்கலாம் என்றால் என் இடத்தில் நிற்க ஆள் இல்லை. பருவத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஹாலுக்குப் போய்க் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: 'எனக்குக் குரல் இல்லை. இரண்டு வாரம் நான் பேசமாட்டேன்.'

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து திரும்பி நின்று அதை உரக்கப் படித்தாள். நடுவிலிருந்து ஒரு பையன் அதையே பின்னால் கத்தினான். கடைசியில் அது "க்ளாஸ் கெடயாதாம்" என்று போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. பத்துப் பேர் பையோடு எழுந்தார்கள். நான் இரண்டு கைகளையும் ஆட்டி உட்காரச் சொன்னேன். அவர்கள் அதைப் போகச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். சிரிப்பும் கூச்சலுமாக ஹால் பொங்கியது. நான் பலகையோரம் நின்றேன். அவ்வளவு சத்தத்தின் நடுவில் அவ்வளவு தனியாக நான் அதற்குமுன் நின்றதில்லை.

அன்று மாலை முழுவதும் யோசித்தேன். குரல் இல்லாத ஒருத்தி இத்தனை பேரை எப்படிப் பிரித்து உட்கார வைப்பது? வரிசை எண்படி பிரித்தால் ஒருவருக்கொருவர் பழக்கம் இருக்காது. துறைவாரியாகப் பிரித்தால் நன்றாகப் படிக்கிறவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அப்போதுதான் பேருந்து ஞாபகம் வந்தது. ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். ஒன்றாக வந்து ஒன்றாகப் போகிறவர்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குள் தெரியும்.

மறுநாள் பலகையில் எழுதினேன்: 'அவரவர் வரும் பேருந்துப்படி சேர்ந்து உட்காரவும்.' வடலூர், நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், சிதம்பரம் வழி, கடற்கரை ஊர்கள் என்று தூணுக்குத் தூண் பெயர் ஒட்டினேன். கம்மாபுரத்துக்காரர்களுக்கு வாசலை ஒட்டிய கடைசித் தூண். எப்போது வந்தாலும் யாரையும் எழுப்ப வேண்டாம். முதலில் வந்த பஸ்காரர்கள், பிந்தி வந்த பக்கத்துக் குழுவுக்கு விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவையும் குழுவிடமே விட்டேன்.

அப்போது நடத்த வேண்டியிருந்த பாடம் ஒற்று. வல்லெழுத்து எங்கே இரட்டிக்கும், எங்கே இரட்டிக்காது என்பது. வருடா வருடம் பிள்ளைகள் வெறுக்கிற பாடம். நான் ஒரு வேலை கொடுத்தேன்: உங்கள் பஸ் வரும் வழியில் கடைப்பலகைகளைப் படியுங்கள். ஒற்று விட்டுப்போன பலகைகளைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

மறுநாள் ஹாலில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. துணி கடை, அரிசி கடை, நாட்டு கோழி, கல்யாண வீட்டு பேனர் என்று மாவட்டத்தின் சாலைகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஒவ்வொரு குழுவும் எழுந்து தன் சாலையில் பார்த்ததைச் சொன்னது. மற்றக் குழுக்கள் திருத்தின. சிறிய வகுப்பாக இருந்திருந்தால் ஒன்றிரண்டு சாலையோடு முடிந்திருக்கும்.

கடற்கரைக் குழுவில் ஒரு பெண் எழுந்து, "எல்லாக் கடைக்கும் க் போடுறீங்க. எங்க மீன்கடைக்கு மட்டும் ஏன் போடக் கூடாது?" என்று கேட்டாள்.

ஹாலே சிரித்தது.

"மீன்கடைன்னு சொல்லிப் பாரு, அங்க க்கு எங்க கேக்குது?" என்றான் ஒருவன்.

"கேக்கலன்னா வுட்டுடறதா? காரணம் சொல்லு."

வடலூர்க் குழுவிலிருந்து ஒரு ஒல்லிப் பையன் எழுந்தான். "துணி, அரிசி எல்லாம் உயிர்ல முடியுது. மீன் ன்-ல முடியுது. அதான் வராது."

"அப்ப தமிழ்ப் பாடம்? அது ழ்-ல தான முடியுது? அங்க மட்டும் வருது?"

நெல்லிக்குப்பம் குழு அவன் உதவிக்கு வந்தது. யாரோ பாடப்புத்தகத்தைப் புரட்டி ய, ர, ழ என்று கத்தினார்கள். பத்து நிமிடம் காரசாரமாகப் போனது. எனக்குப் பதில் நுனிநாக்கில் இருந்தது. சொல்ல முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கடைசியில் அவர்களே கண்டுபிடித்தார்கள்: ய், ர், ழ் என்ற மூன்று மெய்க்குப் பின்னால் வல்லெழுத்து மிகும், ன்-க்குப் பின்னால் மிகாது. அந்தப் பதிலை நான் முப்பது முறையாவது நடத்தியிருப்பேன். ஒருமுறைகூட யாரும் கைதட்டியதில்லை. அன்று தட்டினார்கள்.

அந்த இரண்டு வாரங்களில் பலகையோரம் எனக்கு வேலை குறைவு. அதனால் பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்க ஆரம்பித்தேன். கடைசி வரிசைகளை அப்போதுதான் பார்த்தேன். நோட்டின் பின்பக்கத்தில் அழகாகக் குதிரை வரைகிற பெண். இரவு வேலை முடித்து நேராக வந்து, கண் திறந்தபடியே தூங்கப் பழகியிருந்த பையன். சுவரோரம் யாரோடும் ஒட்டாமல், ஆனால் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்த இன்னொருவன். இவர்கள் எல்லாரும் மாதக்கணக்காக இங்கேயே இருந்தவர்கள். எனக்குத்தான் புதிது.

ஒரு மாலை சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மீன்கடைப் பெண் ஏறினாள். மாணவிகள் ஆசிரியை பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே வந்தாலும் வருவார்கள். அவள் நேராக வந்து, "உக்காரட்டாம்மா?" என்றாள். பையை எடுத்தேன்.

"நீங்க பேசக் கூடாதாமே. நான் பேசுனா ஒண்ணும் ஆவாதுல்ல?"

தலையாட்டினேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். அப்பாவும் அண்ணனும் படகில் போனால் திரும்ப நாளாகும். அம்மா விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, மேல்பட்டாம்பாக்கம் பக்கம் தெருத்தெருவாக விற்றுவிட்டு இருட்டிய பிறகுதான் வருவாள்.

"நான் வூட்டுக்குப் போனா யாரும் இருக்க மாட்டாங்கம்மா. சோத்த ஆக்கிட்டு டிவியப் போட்டு வுட்டுடுவேன். பாக்கல்லாம் மாட்டேன். சும்மா சத்தத்துக்கு."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். நானும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

"அதுனாலதான்மா எனக்கு ஹாலு ரொம்பப் புடிக்கும். ஸ்கூல்ல எங்க க்ளாஸ்ல கொஞ்சம் பேருதான். இங்க எவ்ளோ கூட்டம்! இடிச்சிக்கினு உக்கார்றதே நல்லாருக்கு. நீங்க திட்டுனாலும் யாரத் திட்டுறீங்கன்னே தெரியாது, எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்குவோம்."

சத்தம் இல்லாமல் சிரித்தேன். அந்தக் கூட்டத்தை எனக்கு விதித்த தண்டனையாகத்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குள் வந்து உட்காருவதற்காகவே ஒருத்தி காலையில் கிளம்பி வருகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

முதுநகரில் இறங்கும்போது, "நாளைக்கி வரேன்மா, மிச்சத்தச் சொல்றேன்" என்றாள். வந்தாள். அந்த இரண்டு வாரமும் பெரும்பாலும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அண்ணனுக்குப் பெண் பார்க்கிற கதை, காற்று மாறினால் கடலின் நிறம் மாறுகிற விதம், வணிகவியல் ஏன் எடுத்தாள் என்பது, எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. ஒரு புத்திமதி சொல்ல முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் சொன்னபடி குரல் திரும்பியது. முன்பைவிட மெல்லியது, கொஞ்சம் உடைந்தது. முதல் நாள் ஹாலில், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டதும் பலமான கூச்சல். சந்தோஷமாக இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்திருந்தேன். அவள் ஏறினாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இங்க உக்காரும்மா" என்றேன்.

"பரவால்லம்மா, எறங்கற எடம் கிட்டதான்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பதில் பேசக்கூடிய ஆசிரியை பக்கத்தில் எந்தப் பிள்ளை உட்காரும்? எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் முதுநகர் வரும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பேருந்துக் குழுக்களை நான் கலைக்கவில்லை. குறைவாகப் பேசினேன். அவர்களைப் பேசவிட்டேன். முன்பு தேர்வில் தவறியவர்களில் பலர் அந்தப் பருவத்தில் தேறினார்கள். எல்லாரும் அல்ல. சுவரோரம் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தானே, அந்தப் பையனைப் பரீட்சைக்கு முன்பே ஒரு வாரமாகக் காணவில்லை. கம்மாபுரம் குழுவிடம் கேட்டேன்.

"அவன் திருப்பூரு போய்ட்டான்மா. அவுங்க அப்பாவுக்கு ஒடம்பு முடியல. பனியன் கம்பெனில சேந்துட்டான்."

எண் வாங்கி மதிய இடைவேளையில் போன் செய்தேன். பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம் கேட்டது.

"அலோ, யாருங்க?"

"காலேஜுல இருந்து தமிழம்மா பேசுறேன்பா."

இயந்திரச் சத்தம் குறைந்தது. எழுந்து ஓரமாக வந்திருப்பான் போல.

"என்னைய உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்பா. கடைசித் தூணுகிட்ட, சுவத்தோரமா உக்காருவ. கையெழுத்து அழகா இருக்கும்."

அவன் பக்கத்தில் யாரிடமோ "ஒரு நிமிசம்" என்று சொல்வது கேட்டது.

"பரீட்சைக்காவது வந்துட்டுப் போயேன். ரெண்டு மூணு நாளு லீவு கேளு."

"பாக்குறேன்மா. சூப்பர்வைசர் வராரு, வெச்சிடறேன்." வைக்கவில்லை. மூச்சு கேட்டது. "போன் பண்ணீங்களே. போதும்மா" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

பரீட்சைக்கு அவன் வரவில்லை. எனக்குக் குரல் போகாமல் இருந்திருந்தால் அவன் இல்லாததே எனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியாமல் அப்படி அதற்குமுன் எத்தனை பேர் போனார்களோ.

அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது புது ஆசிரியை வந்தார். மதுரைப் பக்கத்துப் பெண், சுறுசுறுப்பு. வகுப்பை மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள், பதிவு எண்படி. மீன்கடைப் பெண் அந்தப் பக்கம் போனாள். வடலூர்ப் பையன் இந்தப் பக்கம். ஹாலைப் பூட்டினார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு ஜன்னல் உள்ள நல்ல அறை. எல்லாரையும் பார்க்க முடிந்தது. சாதாரணமாகப் பேசினாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்டது. போன வருடம் முழுக்க நான் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

பஸ்படி உட்கார வைத்துப் பார்த்தேன். கம்மாபுரத்துக்கு இரண்டே பேர். கடற்கரைக்கு ஒருவன். அவன் தனியாகத் தூண் தேடுகிறவன் போல நின்றான். "பழையபடியே உக்காருங்க" என்றேன்.

சில சமயம் சுவருக்கு அந்தப் பக்கம் மற்றப் பாதி சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. இங்கே என் பிள்ளைகளும் ஒரு நொடி காதைக் கூர்மையாக்குவார்கள். அப்புறம் எல்லாரும் புத்தகத்துக்குத் திரும்புவோம்.

முதல்வரிடம் போய், வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டும் இரண்டையும் சேர்த்து ஹாலில் நடத்தலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னாம்மா நீங்க? எல்லாரும் பிரிச்சுக் குடுங்கன்னு வந்து நிப்பாங்க. நீங்க சேக்கச் சொல்றீங்க. டைம்டேபிள் ஒத்துவராதும்மா. தொண்டைக்கும் ஜாஸ்தி வேல. உடம்பப் பாத்துக்கங்க."

அக்கறையாகத்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பிற்பகல் வகுப்பு பாதி ஓடியபோது ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். சட்டை வியர்த்திருந்தது. பஸ் பழுதாகி நின்றுவிட்டதாம், பாதித் தூரம் நடந்து வந்திருக்கிறான். உள்ளே வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் வேறு ஊர், வேறு துறை. வந்தவன் எதுவும் கேட்காமல் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

நான் பலகையைத் துடைத்தேன். "எங்க ஆரம்பிச்சோம்னு நானே சொல்றேன்பா" என்று முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன். மற்றவர்கள் முணுமுணுக்கவில்லை. மரியாதையாக, அமைதியாக, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.